யாரெல்லாம் கையெழுத்துப் போட வேண்டும்

கும்பகோணம்
ஐப்பசி, அடைமழை நாள்

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்கு நீயே விடு. அவர்களிடம் விட்டால் இரண்டாம் நாளே அடுப்படிக்குப் போய்விடுவார்கள்.

இங்கே மூன்று நாளாக மழை விடவில்லை. அரசலாறு நிறைந்து ஓடுகிறது. நடவு முடித்தவர்கள் குடையோடு வரப்பில் நின்று தண்ணீர் வடிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் காலையில் மழையிலேயே போய் இரண்டு மனைகளைப் பார்த்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன். ஏன் மழையில் போனேன் என்று பிறகு சொல்கிறேன்.

பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நீயும் ரியல் எஸ்டேட்டில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். பாத்திரக் கடையில் பில் போடும் வேலையை விட்டு நான் இதில் இறங்கி இரண்டரை வருஷம் ஆகிறது. தனியாக நின்று முடித்த கிரயம் இதுவரை ஒன்பது. அதற்கு முன், முதலில் சேர்ந்த நிறுவனத்தை விட்டு வந்த பிறகு, பதினொரு மாதம் ஒரு ரூபாய்கூட வரவில்லை. பெட்ரோல், போன், பத்திர நகல் எல்லாம் கையிலிருந்துதான் போனது. அதனால் ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவை எடுத்து வைக்காமல் வேலையை விட்டுவிடாதே. பணத்தைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. மற்றது எல்லாம் ஆட்களைப் பற்றியது.

ஆரம்பத்தில் அளவே எனக்குப் புரியவில்லை. விற்கிற பெரியவர் மா, குழி என்பார். வாங்க வருகிறவர் சதுர அடியில் கேட்பார். பட்டாவில் ஹெக்டேரும் ஏர்ஸும் (ஒரு ஏர்ஸ் நூறு சதுர மீட்டர்) இருக்கும். மூன்றும் ஒரே நிலம்தான். குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். மூன்று மா சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. பட்டாவில் ஒரு மா 13 ஏர்ஸ் சொச்சமாக இருக்கும். பத்து நாள் சமையல் செய்துகொண்டே இதை மனப்பாடம் செய்தேன். உனக்கு அங்கே சென்ட் கணக்கு என்பதால் இந்தப் பாடு இருக்காது.

முதலில் மனைப்பிரிவு போடும் ஒரு நிறுவனத்தில்தான் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது, மனைக்கு இவ்வளவு என்று கமிஷன். சித்திரை வெயிலில் வேனில் ஆட்களை அழைத்துப்போய்க் காட்டுவோம். செம்மண் அடித்து, கல் நட்டு, ரோடு போட்டிருந்தார்கள். நகர் ஊரமைப்பு அங்கீகாரம் இருந்தது, மனை விற்பனையை ஒழுங்குபடுத்துகிற ரெரா ஆணையத்தின் எண் இருந்தது. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, கைக்கு வந்த பணத்தை எல்லாம் போட்டு ஒரு மனை வாங்கினார். என் முதல் கமிஷன் அது. கார்த்திகையில் அவர் போன் செய்து, "ஒரு தடவை வந்து பாரும்மா" என்றார். போய்ப் பார்த்தால் முழங்கால் அளவு தண்ணீர். பக்கத்து வயல்காரரிடம் கேட்டேன். மேற்கே இருக்கிற வயல்களின் தண்ணீர் எல்லாம் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் வடிகால் வாய்க்காலுக்குப் போகுமாம். மண் அடித்ததில் அந்த வழி அடைபட்டுவிட்டது. ஊரில் அந்த இடத்துக்குப் பெயரே பள்ளத்து வயல். சித்திரையில் நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. இன்றைக்கும் அதுதான் என்னால் தாங்க முடியாதது. அந்த மாதமே விலகிவிட்டேன். ரெராவில் பதிவான திட்டத்தில் மனை விற்றுக்கொடுக்கிற ஏஜென்ட்டும் தன் பெயரைத் தனியாகப் பதிய வேண்டும், பதியாமல் செய்தால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம் என்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் வேனில் போன யாருக்கும் அந்தப் பதிவு கிடையாது. நீ இறங்கினால் அதை முடித்துவிட்டு இறங்கு. அப்புறம், எந்த மனையையும் வெயிலில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை பார். காலையில் நான் போனது அதற்குத்தான்.

அதன் பிறகு எங்கள் தெருவில் நாற்பது வருஷமாகத் தரகு பார்க்கிற பெரியப்பாவோடு சுற்றினேன். பத்திரத்தை எப்படிப் படிப்பது என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். தாய்ப் பத்திரத்தில், அதாவது நிலத்தின் பழைய மூலப் பத்திரத்தில், ஆரம்பித்து ஒவ்வொரு கையாக இறங்கி வர வேண்டும். பட்டாவில் இருக்கிற பெயரும் பத்திரத்தில் இருக்கிற பெயரும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். கிராமச் சாகுபடிக் கணக்கான அடங்கலில் சாகுபடி யார் பெயரில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நிலத்துக்காரர் சென்னையில் இருப்பார், இங்கே இரண்டு தலைமுறையாக ஒரு குடும்பம் குத்தகைக்கு உழுதுகொண்டிருக்கும். அவர்களுக்கு 1955-ஆம் வருஷக் குத்தகைதாரர் சட்டப் பாதுகாப்பு உண்டு. கும்பகோணத்துக்குள்ளே வந்தால் இன்னொரு கேள்வி, அடிமனை, அதாவது வீடு நிற்கிற மண், கோயிலுடையதா என்பது. கட்டடம் மட்டும்தான் குடியிருப்பவர்களுடையது, மண் கோயிலுடையது என்று எத்தனையோ வீடுகள் இங்கே உண்டு. அறநிலையத் துறை அனுமதி இல்லாமல் கோயில் மண்ணை யாரும் விற்க முடியாது.

ஆனால் எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒன்றை நான் கற்றுக்கொண்டது சுவாமிமலைப் பக்கம் ஒரு வீட்டில். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஆறு மா நஞ்சை. பட்டா இருவர் பெயரிலும் இருந்தது. நிலத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாம் காட்டுகிற வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. வாங்குகிறவர் அட்வான்ஸ் தரத் தயார். நகல் வாங்க வீட்டுக்குப் போனபோது அவர்கள் அம்மா காப்பி கொடுத்தார். சுவரில் ஒரு பழைய போட்டோ. இரண்டு பையன்கள், நடுவில் பாவாடை தாவணியில் ஒரு பெண். "இது யாரும்மா?" என்று கேட்டேன். "எங்க பெரிய பொண்ணு, மன்னார்குடியில இருக்கா" என்றார். மூத்தவர் உடனே, "அவளுக்கு எல்லாம் செஞ்சு கட்டிக் கொடுத்தாச்சு" என்றார்.

அவர்கள் அப்பா தானே சம்பாதித்து வாங்கிய நிலம், சுமதி. உயில் எழுதாமல் இறந்துபோனார். அப்படியென்றால் 1956-ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே பையனுக்கும் பெண்ணுக்கும் மனைவிக்கும் சமபங்கு. நாலு பங்கு. இரண்டு பங்குக்காரர்கள் மட்டும் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரம்தான் வரும், வீட்டில் பிறந்தவர்கள் வர மாட்டார்கள். பட்டாவில் பெயர் இல்லை என்பதால் அந்த அக்காவின் உரிமை போய்விடாது.

அம்மாவும் அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னேன். வாங்குகிறவரிடமும் சொன்னேன். அவர் விலகிக்கொண்டார். குடும்பத்தைக் கெடுக்க வந்தவள் என்று அந்தத் தெருவிலேயே என்னைப் பேசினார்கள். பெரியப்பாகூட, "கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம்" என்றார். பதினொரு மாதம் வருமானம் இல்லாமல் இருந்தேன் என்றேனே, அதில் எட்டாவது மாதம் அது. வீட்டுக்கு வந்து அன்றைக்கு ராத்திரி அழுதேன்.

தையில் அந்த அக்காவே என்னைத் தேடி வந்தார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "என் பேரை நீங்கதான் கேட்டீங்களாமே" என்றார். நிலம் வேண்டும் என்றோ பணம் வேண்டும் என்றோ அவர் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைதான். பிறகு பங்குனியில் வேறொரு தரகர் மூலமாக விற்றார்கள். நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா கால் பங்கு கேட்கவில்லை, குறைவாகத்தான் வாங்கிக்கொண்டார். ஆனால் எவ்வளவு என்று அவரே சொன்னார். இப்போது இந்தப் பக்கத்துப் பெண்கள் என்னைக் கூப்பிட்டு, தங்கள் அப்பா வீட்டு நிலத்தைப் பற்றி மெல்லிய குரலில் கேட்கிறார்கள். அதில் காசு கிடையாது. ஆனால் இந்த வேலையை நான் விடாமல் இருப்பது அதனால்தான்.

சரி, உன் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். "தையில் அண்ணன் வரச் சொல்லியிருக்கிறார், ஒரு கையெழுத்துதானாம், காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடலாம்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நாலு தடவை படித்தேன்.

அது விடுதலைப் பத்திரமாகத்தான் இருக்கும். உன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கிற பத்திரம். உங்கள் வலங்கைமான் நிலம் தாத்தா வழியில் வந்தது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல். அன்றைக்குக் கல்யாணம் ஆகாத பெண்களுக்கு எல்லாம் அது பொருந்தும். நீயும் நானும் அப்போது ஏழாம் வகுப்பு. 2005-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. அப்பா அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உன் வீட்டில் கண்ணுக்குக் கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

உன் அண்ணன் நல்லவர். அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று எனக்கும் தெரியும். கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லவில்லை. உன் பங்கை அவருக்கே கொடுக்க உனக்கு மனம் இருந்தால் தாராளமாகக் கொடு. ஆனால் எவ்வளவு கொடுக்கிறாய் என்று தெரிந்து கொடு. சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் வைத்து முதல்முறையாக அந்தப் பத்திரத்தைப் பார்க்காதே. ஒரு வாரம் முன்னாலேயே நகல் கேள். "பணம் பெற்றுக்கொண்டு" என்று அதில் எழுதியிருந்தால், பெற்றுக்கொண்டாயா என்று உன்னையே கேட்டுக்கொள். ஒரு வக்கீலிடமும் காட்டிவிடு.

இப்போதைக்கு சர்வே எண்ணை மட்டும் எனக்கு அனுப்பு. பழைய கந்தாய (நிலவரி) ரசீது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கும், அதில் இருக்கும். வில்லங்கச் சான்றும் பட்டாவும் எடுத்து, அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்பையும் பார்த்து எழுதுகிறேன். மழை விட்டதும் நேரிலும் ஒரு தடவை போய், யார் உழுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வருகிறேன். தையில் ஒரு நாள் முன்னாலேயே வந்து இங்கே தங்கு. அம்மாவையும் அழைத்துக்கொண்டு வா.

உன்
மங்கை