விண்வெளி நிலையத்தை இறக்கும் கலம் வீண் செலவு இல்லை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் நம் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதம் ஒன்றைப் படித்தேன். எப்படியும் கடலில் மூழ்கடிக்கப் போகிற பழைய விண்வெளி நிலையத்துக்காக நாசா 84 கோடி டாலர் வரை கொடுத்து ஒரு புதுக் கலம் கட்டச் சொல்லியிருக்கிறதே, தானாக விழுவதை விழ விட்டால் போதாதா என்று அந்த அன்பர் கேட்டிருந்தார். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல், பெரிய கப்பல்களை இழுத்தும் தள்ளியும் விடும் டக் படகுகளின் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன் நான். இதற்குப் பதில் எழுதாமல் என்னால் இருக்க முடியவில்லை.

தானாக விழ விட்டால் என்ன ஆகும் என்பதை 1979 ஜூலையிலேயே பார்த்தாகிவிட்டது. ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் விழப் போகிறது, விழப் போகிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் ஆயா அன்று இரவு சாமி விளக்கை அணையவே விடவில்லை, தூங்காமல் உட்கார்ந்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார், தகரக் கூரை போட்ட பின் அறையில் பிள்ளைகள் யாரும் படுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அந்த ஸ்கைலாபின் எடை சுமார் 77 டன். கீழே இறக்குவதற்கென்று அதில் இன்ஜின் கிடையாது. காற்றில் உரசும் கோணத்தை மாற்றி, விழும் இடத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தலாம், அவ்வளவுதான் அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் குறி வைத்தது கேப் டவுனுக்குத் தென்கிழக்கே சுமார் 1,300 கிலோமீட்டர் தள்ளி, நம் பக்கத்துக் கடலில்! நினைத்த நேரத்தில் உடையாததால் அது இன்னும் தூரம் போய், துண்டுகள் ஆஸ்திரேலியாவில் எஸ்பெரன்ஸ் ஊர்ப் பக்கம் விழுந்தன. யாருக்கும் அடிபடவில்லை, அது கடவுள் புண்ணியம்.

ஸ்கைலாபுக்கும் ஒரு தள்ளு கலம் தயாராகிக்கொண்டுதான் இருந்தது. ஷட்டில் என்ற விண்வெளி ஓடத்தில் ஏற்றிக்கொண்டு போய் மாட்டுவதாக ஏற்பாடு. ஆனால் ஷட்டில் முதன்முதலாகப் பறந்ததே 1981-ல்தான், அதற்குள் சூரியனின் சீற்றம் கூடி, மேல் காற்றுமண்டலம் உப்பி, ஸ்கைலாப் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் இறங்கிவிட்டது. டக் கிளம்புவதற்குள் கப்பல் பாறையில் ஏறிவிட்ட கதை. அதனால்தான் சொல்கிறேன், இந்த வேலையில் பணத்தைவிட நாள் தவறுவதுதான் பெரிய ஆபத்து.

இப்போதுள்ள சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 420 டன். 2030 வரை ஓட்டிவிட்டு 2031 தொடக்கத்தில் இறக்குவது திட்டம். 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்திடம் அந்தக் கலத்தைச் செய்யக் கொடுத்தார்கள். சரக்கு கொண்டுபோகும் டிராகன் கலத்தையே எடுத்து, பின்பகுதியை நீளமாக்கி, மொத்தம் 46 சிறு இன்ஜின்களும் 16 டன் எரிபொருளும் வைக்கிறார்கள். ஒவ்வொரு இன்ஜினின் தள்ளும் பலம் 40 கிலோ மூட்டையின் எடை அளவுதான். கடைசித் தள்ளலில் இருபத்தைந்து இன்ஜின் சேர்ந்து எரிந்தாலும் மொத்தம் ஒரு டன் பலம்தான் வரும், நம் துறைமுகத்தில் இப்போதுள்ள டக் ஒன்றே 60, 70 டன் பலத்தோடு இழுக்கும். சரி, பலத்தைக் கூட்டிவிடலாமே என்றால் அதுவும் ஆகாது. பெரிய கப்பல்களின் பக்கவாட்டில் டக் என்று பெயிண்ட் அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த இடத்தில் மட்டும்தான் உள்ளே பலமான சட்டம் இருக்கும், நாலடி தள்ளி முட்டினால் தகடு உள்ளே போய்விடும். விண்வெளி நிலையமோ பகுதி பகுதியாக மேலே கொண்டுபோய்ப் பூட்டியது. ஓங்கித் தள்ளினால் பூட்டுகள் தாங்காது.

அதற்காக ரொம்ப மெதுவாகவும் இறக்க முடியாது. முதலில் காற்றின் உரசலிலேயே பாதை தாழ விடுவார்கள், அப்புறம் சின்னச் சின்னத் தள்ளல்களால் சரிசெய்வார்கள், அது வரைக்கும் பரவாயில்லை. தாழ்ந்த காற்றுக்குள் வந்த பிறகு அந்தப் பெரிய சூரியத் தகடுகளைக் காற்று பிடித்துத் திருகும். பிடி நழுவிப் புரள ஆரம்பித்தால் எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே கடைசித் தள்ளல் பல நிமிடம் விடாமல், ஒரே மூச்சில், குறித்த நேரத்தில் நடக்க வேண்டும். ரஷ்யாவின் மிர் நிலையத்தை 2001-ல் ஒரே ஒரு ப்ராக்ரஸ் சரக்குக் கலம் பசிபிக்கில் ஒழுங்காக இறக்கியது, ஆனால் மிர் சுமார் 130 டன்தான்.

என்னைக் கவலைப்படுத்துவது இன்னொன்று. இந்தக் கலம் ஒன்றரை வருடம் முன்பே போய் மாட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு படகில் தீயணைப்புப் பம்பின் இன்ஜினை ஒரு வருடம் யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. சோதனை நாளன்று எவ்வளவு சுற்றியும் பிடிக்கவில்லை, கழற்றிப் பார்த்தால் இன்ஜெக்டரில் டீசல் அரக்கு மாதிரி காய்ந்து கிடந்தது, நகத்தால் சுரண்டி எடுத்தேன். நல்லவேளையாக, டிராகன் இன்ஜினில் இரண்டு திரவங்கள் ஒன்றையொன்று தொட்டதும் தானே பற்றிக்கொள்ளும், பொறி வேண்டாம். ஆனாலும் வால்வு திறக்க வேண்டும் அல்லவா! சில இன்ஜின் படுத்தாலும் மீதி வேலையை முடிக்கும்படி கூடுதலாக வைப்பது இதற்குத்தான். அதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதில் நமக்கென்ன என்றும் அவர் கேட்டிருந்தார். 2000 ஏப்ரல் 27, நம் சுதந்திர தினத்தன்று, கட்டுப்பாடில்லாமல் இறங்கிய ஒரு டெல்டா ராக்கெட் அடுக்கின் எரிபொருள் தொட்டி நம் நாட்டு வூஸ்டர் ஊர்ப் பக்கம் வந்து விழுந்தது. அந்த அடுக்கு மொத்தமே ஒரு டன் அளவுதான். 2025 ஜனவரியில் ராக்கெட் பாகங்கள் தென் இந்தியப் பெருங்கடலில் இறங்குகின்றன என்று ஜோகனஸ்பர்க் வரும் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமானங்களைத் தாமதப்படுத்தினார்கள். 420 டன் குறி தப்பினால் முதலில் கவலைப்பட வேண்டியவர்களில் தென்கோளத்துக் கடலோரம் இருக்கும் நாமும் உண்டு.

நம் பத்திரிகை இந்தக் கலம் எந்த அளவில் முடிந்திருக்கிறது, தாமதம் ஏதும் உண்டா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது நாலு வரி போட்டால் நன்றாக இருக்கும். கடைசிச் சுற்றுகள் எந்த வழியாகப் போகும் என்பதை நம் அரசாங்கம் முன்கூட்டியே கேட்டு வாங்கி, மீனவர்களுக்கும் கப்பல்காரர்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி
சாட்ஸ்வொர்த், டர்பன்