முரளிக்கு, ஆந்தை விஷயமாக

அன்புள்ள முரளி,

ஐந்து மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, மன்னித்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சுமதி சொன்னாள். சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

இங்கே அமெரிக்காவில் புள்ளி ஆந்தையைக் காப்பாற்றப் பட்டை ஆந்தையைச் சுடும் திட்டத்தைப் பற்றி அன்றைக்குப் போனில் கேட்டாயே, "ஆந்தையைக் காப்பாற்ற ஆந்தையையே சுடுவதா? நீயா அதை ஆதரிக்கிறாய்?" என்று. எனக்கு வாய் எழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரேகானில் புள்ளி ஆந்தை என்றால், நம்மூரில் பொந்திலிருந்து கணேசன் சாரை முறைத்துக்கொண்டே இருந்ததே, அந்தச் சின்னப் புள்ளி ஆந்தை இல்லை. இது பெரிது, கருங்கண். நூற்றாண்டுகள் கண்ட டக்ளஸ் ஃபிர் மரக்காட்டில் பறக்கும் அணிலைப் பிடித்துத் தின்று வாழ்வது. அந்தக் காட்டை வெட்டித் தள்ளியதால் 1990-லேயே பாதுகாக்க வேண்டிய இனமாக அறிவித்தார்கள். 1994-ல் அரசுக் காடுகளில் மரம் வெட்டுவதையும் வெகுவாகக் குறைத்தார்கள். அதோடு பிழைத்துக்கொள்ளும் என்றுதான் பலரும் நம்பினார்கள்.

ஆனால் பட்டை ஆந்தை வந்துவிட்டது. கிழக்கு அமெரிக்காவின் பறவை அது. நடுவிலிருந்த புல்வெளி அதைத் தடுத்து வைத்திருந்தது. குடியேறியவர்கள் அங்கே மரம் நட்டு, காட்டுத்தீயையும் அணைத்துவைக்க, மரத்துக்கு மரம் தாவி மேற்கே வந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். உருவிலும் முரட்டுத்தனத்திலும் ஒரு படி மேல். தவளை, நண்டு, பூச்சி எது கிடைத்தாலும் தின்னும். ஒரு புள்ளி ஆந்தை ஜோடிக்கு வேண்டிய காட்டில் இவை பல ஜோடி வாழும். இது பக்கத்தில் இருந்தால் புள்ளி ஆந்தை கூப்பிடுவதையே குறைத்துக்கொள்கிறது. கூப்பிடாத பறவைக்குத் துணை எங்கிருந்து வரும்?

நான் இங்கு வந்த வருஷம் ஒரு புள்ளி ஆந்தை பயமே இல்லாமல் என் தலைக்கு மேல் கிளையில் வந்து உட்கார்ந்தது. ஹூ... ஹூ ஹூ... ஹூஊ. நாலே சுரம். அதே மலைச்சரிவில் இப்போது பட்டை ஆந்தையின் எட்டுச் சுரக் கத்தல்தான். மூன்று வருஷமாகப் போய் நின்று கேட்டுவிட்டேன், முரளி.

2021-ல் ஓர் ஆய்வு வந்தது. பட்டை ஆந்தைகளை அகற்றிய இடங்களில் புள்ளி ஆந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே நின்றது. விட்டுவைத்த இடங்களில் ஆண்டுக்கு 12 சதவீதம் சரிந்தது. அதை வைத்துத்தான் 2024 ஆகஸ்டில் அமெரிக்க மத்திய வனவிலங்குத் துறை திட்டத்தை இறுதி செய்தது: வாஷிங்டன், ஒரேகான், கலிஃபோர்னியா மூன்றிலும் 30 ஆண்டுகளில் 4,50,000 பட்டை ஆந்தைகள் வரை சுடலாம். அந்த எண்ணைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுவார்கள், தன் எல்லையைக் காக்கப் பறந்து வரும், சுடுவார்கள். அதுவும் அழகான பறவைதான், அது செய்த தப்பு ஒன்றுமில்லை. வழி திறந்துவிட்டது மனிதர்கள்.

இத்தனைக்குப் பிறகும் சுடத்தான் வேண்டும் என்கிறேன். வடக்கே கனடாவைப் பார். அங்கே காட்டில் புள்ளி ஆந்தை அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. கூண்டில் வளர்த்து விடப் பார்க்கிறார்கள்.

இதைவிட வேறு வழி உனக்குத் தோன்றினால் உடனே எழுது. நிஜமாகவே கேட்கிறேன். மார்ச்சில் வரும்போது கனமான ஸ்வெட்டர் கொண்டு வா, ராத்திரி காட்டுக்குப் போவோம்.

அன்புடன்,
ரகு