கலை நிதியில் கை வைக்காதீர்கள்

மாநில அரசில் கலைக்கும் பண்பாட்டுக்கும் நிதி ஒதுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு வணக்கம்.

நாங்குநேரிப் பக்கம் 28 ஆண்டுகளாக வில்லுப்பாட்டுப் பாடுகிறவள் எழுதுகிறேன். போன மாதம் எங்கள் குழுவின் குடக்கார அண்ணாச்சியை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். நலிந்த கலைஞர்களுக்கு அரசு தரும் மாத உதவிக்கு அவர் மனுக் கொடுத்து மூன்று ஆண்டாகிறது. முதலில் நிகழ்ச்சி நடத்தியதற்குச் சான்று கேட்டார்கள். கொடை என்கிற கோயில் திருவிழாவின் நோட்டீசில் பாடுகிற புலவர் பெயரைத்தான் போடுவார்கள். குடம் அடிப்பவர் பெயரை யார் அச்சிட்டார்கள்? ஊர் ஊராக அலைந்து கோயில் நிர்வாகிகளிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். இப்போது, "நிதி இல்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்கிறார்கள். அண்ணாச்சிக்கு வயது 71.

அவருடைய வலது கையை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். வைக்கோல் புரிமணையில் குடத்தைச் சாய்த்து வைத்து, ஒரு கை மட்டையால் குடத்தின் வாயில் அடிக்க, மறு கை காசால் பக்கத்தில் தட்டும். இரவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க விடிந்துவிடும். ஐம்பது ஆண்டு இப்படி அடித்து மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுகிறார். சென்ற ஆவணியில் ஒரு சுடலைமாடன் கொடை. பாட்டு வேகமெடுத்து, சாமியாடி துள்ளி வந்த நேரத்தில் மட்டை அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குடம் நின்றது. சாமியாடியும் நின்றுவிட்டார். கூட்டம் மொத்தமும் எங்களைப் பார்த்தது. மட்டையைத் தேடிக் குனிந்தவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும், அது வியர்வை இல்லை.

அந்தக் கைக்குத்தான் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது.

இயல் இசை நாடக மன்றம் 1955இல் தொடங்கியது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று 2007இல் நல வாரியம் வந்தது. இவையெல்லாம் எங்களுக்குக் கிடைத்த பெரிய ஆதரவு, நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் கஜானாவில் நெருக்கடி என்றதும் முதலில் கண்ணில் படுவது கலைக்கான பணமாக இருக்கக் கூடாது. எங்கள் முதல் கோரிக்கை இதுதான்: கலை நிதியில் கை வைக்காதீர்கள்.

எங்களுக்குப் பிழைப்பு பங்குனியில் தொடங்கி ஆவணியோடு முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் யார் கொடை கொடுப்பார்கள்? கொரோனா வந்த 2020இலும் 2021இலும் அந்தச் சில மாதங்களும் போயின. வில்லைப் பரணில் போட்டுவிட்டுப் பீடி சுற்றினேன். கணியான் கூத்து ஆடுகிறவர்கள் மகுடம் என்கிற பறையைச் சுவரில் மாட்டிவிட்டுக் கொத்து வேலைக்குப் போனார்கள். சிலர் திரும்பவே இல்லை.

டெங்கு பரவினால் எங்களைக் கூப்பிடுகிறீர்கள். தேர்தல் வந்தால் எல்லாரும் வாக்களிக்க வேண்டும் என்று பாடச் சொல்கிறீர்கள். மழைநீர் சேமிப்பு, குழந்தைத் திருமணம், எதுவானாலும் வில்லும் குடமும் வேண்டும். பேருந்து நிலையத்தில் வெயிலில் உட்கார்ந்து பாடிவிட்டு வருகிறோம். அதே அரசின் அலுவலகத்தில் மனுவோடு போய் நிற்கும்போது எங்களை அடையாளம் தெரியவில்லை என்றால் மனம் கொதிக்கத்தான் செய்கிறது. மன்னியுங்கள், கோபத்தில் வார்த்தை தடித்துவிட்டது.

முத்துப்பட்டன் கதையை ஏடு பார்க்காமல் முழுதாகச் சொல்லத் தெரிந்தவர் எங்கள் குழுவில் அண்ணாச்சி ஒருவர்தான். பாபநாசம் மலையடிவாரத்துக் கதை அது. நான் பாதியைத்தான் படித்திருக்கிறேன். மீதியைச் சொல்லிக்கொடுக்க என் வீட்டுக்கு வரச் சொன்னால், பஸ் செலவுக்கு யோசிக்கிறார்.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். வரும் நிதிநிலை அறிக்கையில் கலைக்கும் பண்பாட்டுக்கும் உள்ள ஒதுக்கீட்டைக் குறைக்காதீர்கள். ஒதுக்கிய பணத்தை வேறு செலவுக்குத் திருப்பாதீர்கள். எழுபது வயது கடந்தவர்களின் மனுக்களை முதலில் எடுத்துத் தீர்த்துவையுங்கள். பங்குனியில் முதல் கொடைக்கு நாங்கள் வில் கட்டுவதற்குள் அண்ணாச்சிக்கு ஒரு பதில் வரட்டும்.

இப்படிக்கு,
நாங்குநேரி வட்டார வில்லுப்பாட்டுக்காரி