விமர்சனத்தின் அடியில் ஒரு வரி: ‘கையே து சினிமா’வின் உரிமையாளர்களுக்கு

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு சினிமா இதழான ‘கையே து சினிமா’ 2020இல் உங்கள் கைக்கு வந்ததும், ஆசிரியர் குழுவின் 15 பேரும் கூண்டோடு விலகியதும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாரிஸில் மாதாமாதம் காசு கொடுத்து இந்த இதழை வாங்குகிற தமிழ் வாசகன் நான். கேட்பது ஒன்றுதான்: உங்களில் ஒருவர் தயாரித்த படத்துக்கு விமர்சனம் வந்தால், அதன் அடியிலேயே அதைச் சொல்லி ஒரு வரி அச்சிடுங்கள்.

இதழை வாங்கிய ஏறக்குறைய 20 பங்குதாரர்களில் எட்டுப் பேர் படத் தயாரிப்பாளர்கள். ஓர் இளம் விமர்சகரை நினைத்துப் பாருங்கள். காலையில் பார்த்த படம் சுமார். மாலையில் எழுத உட்கார்ந்தால், படத்துக்குப் பணம் போட்டவரேதான் தன் சம்பளத்துக்கும் பணம் போடுகிறவர். யாரும் மிரட்ட வேண்டாம். ‘சலிப்பு’ என்று எழுதிய கை தானாகவே அதை அடித்துவிட்டு ‘நிதானமான நடை’ என்று எழுதிவிடும். சரி, படம் நிஜமாகவே பிடித்துப்போனால்? அப்போதும் பாவம், அவர் பாராட்டை யார் நம்புவார்?

1954 ஜனவரி இதழில், பின்னாளில் பெரிய இயக்குநரான த்ரூஃபோ, 21 வயது விமர்சகராக, அன்றைய பெரிய திரைக்கதையாசிரியர்களான ஓரான்ஷையும் போஸ்த்தையும் பெயர் சொல்லியே வெளுத்தார். அவர்கள் படங்களின் தயாரிப்பாளர் இதழில் பங்கு வைத்திருந்தால், இதழின் ஆசிரியர்களில் ஒருவரான பஸான் அந்தக் கட்டுரையை அச்சேற்றியிருக்க முடியுமா?

1951இல் தொடங்கிய இதழ் தவறே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 1963இல் ஆசிரியராக இருந்த ரோமரைத் தள்ளிவிட்டு அந்த நாற்காலியில் ரிவெத் வந்து உட்கார்ந்தார். 70களின் தொடக்கத்தில் சீனத் தலைவர் மாவோவின் அரசியல் மீது பித்துப் பிடித்து, சினிமா இதழில் புகைப்படமே காணாமல் போனது, வாசகர்களும்தான். ஆனால் அந்தக் குழிகளை வெட்டியவர்கள் எழுதுகிறவர்களே.

இனி இதழ் ‘ஷிக்’காக, அதாவது நாகரிகப் பகட்டாக, எல்லோரோடும் இனிமையாக இருக்க வேண்டும் என்று உங்கள் தரப்பு சொன்னதாக விலகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஷிக்! அப்படியென்றால் கடையில் விற்பானேன்? கான் திரைப்பட விழா விருந்துகளில் ஷாம்பெயினோடு சேர்த்தே நீட்டிவிடலாமே. ஆசிரியர் குழுவில் தலையிட மாட்டோம் என்கிறீர்கள். பாலுக்குக் காவல் வைத்த பூனையும் அப்படித்தான் சொல்லியிருக்கும்.

மன்னிக்கவும், வார்த்தை தடித்துவிட்டது. அந்த ஒரு வரியை அடுத்த இதழிலேயே தொடங்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பொடி எழுத்தில் போட்டாலும் பரவாயில்லை, கண்ணாடி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்