ஃப்ரீசர்ல வைக்க சிடி என்ன மீன் துண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

போன இதழ்ல வீட்டுக் குறிப்பு பக்கத்துல பழைய சிடி பத்தி அரைப் பக்கம் போட்டிருந்தீங்க. சிடியை ராத்திரி ஃப்ரீசர்ல வைக்கணுமாம், காலைல எடுத்து ஓரத்தைச் சுத்தி பச்சை ஸ்கெட்ச் பேனா அடிக்கணுமாம், அப்புறம் போட்டா பாட்டு பளிச்சுன்னு கேக்குமாம். சீரகத் தண்ணிக்கும் கரப்பான்பூச்சி மருந்துக்கும் நடுவுல இதுவும் கெடக்கட்டும்னு பக்கத்தைத் திருப்பியிருப்பேன். ஆனா கடைசில ஒரு வரி எழுதியிருந்தீங்க பாருங்க, "நல்ல காது இருப்பவர்களுக்கு வித்தியாசம் உடனே புரியும்"னு. அங்கதான் சுருக்குன்னு ஆயிருச்சு. வித்தியாசம் கேக்கலைன்னா நம்ம காது மட்டமான காது, அப்படித்தானுங்களே? காதுல பூ சுத்திட்டு அந்தக் காதையே குத்தம் சொல்றது நல்ல ஏற்பாடுதான்.

நான் கேரளாவுல, பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைல கேசட் கடை வச்சிருந்தவன், அப்புறம் சிடி கடை, இப்ப பிளேயர் ரிப்பேர். பொள்ளாச்சில இருந்து கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டியும் ஆள் வரும், சித்தூர் பக்கமிருந்தும் வரும். இந்தக் காதை வச்சுத்தான் சோறு தின்னேன்.

உங்களுக்குத் தெரியாததா சார், 1982ல ஜப்பான்ல முதல் சிடி பிளேயர் விக்கிறப்பவே கணக்கெல்லாம் முடிவாயிருச்சு. சத்தத்தை ஒரு செகண்டுக்கு 44,100 தடவை அளந்து ஒவ்வொண்ணையும் 16 பிட்டுல, அதாவது 0, 1ன்னு 16 இலக்கமா எழுதியிருக்கு. சிடில இருக்கறது எண்ணு, அவ்ளோதான். பச்சை மை செதறுற சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சுமாம், அப்ப லேசர் சுத்தமாப் படிக்குமாம். அந்த லேசர் சிவப்பே இல்லீங்க. 780 நானோமீட்டர், இன்ஃப்ராரெட், சிவப்புக்கும் அந்தப் பக்கம். அதுக்கு உங்க பச்சையும் ஒண்ணுதான் மஞ்சளும் ஒண்ணுதான். அப்படியே ஒண்ணு ரெண்டு பிட் தப்பாப் போனாலும் ரீட் சாலமன்னு ஒரு கணக்கு உள்ளயே எழுதி வச்சிருக்கு, ரெண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு இடம் படிக்க முடியாமப் போனாக்கூட அக்கம்பக்கத்துல இருந்து எடுத்து அப்படியே சரி பண்ணிடும். படிச்சதும் நேரா ஸ்பீக்கருக்குப் போறதும் இல்ல, மெமரில வரிசையா நின்னு கைக்கடிகாரத்துல இருக்கற மாதிரி ஒரு குவார்ட்ஸ் க்ரிஸ்டல் சொல்ற நேரத்துக்குத்தான் வெளிய வருது. ஓரத்துல பூசுன மை இதுக்குள்ள எங்க வந்து நிக்கும்?

ஃப்ரீசர் கதைக்கு வருவோம். வெளிநாட்டுல லிக்விட் நைட்ரஜன்ல, மைனஸ் 196 டிகிரில சிடியை முக்கறவங்க உண்டு. ஓரத்தைச் சாய்வாச் சீவ ஜெர்மன்காரன் மிஷினே செஞ்சான். சிடிக்கு மேக்னெட் எடுக்கற பெட்டியும் வித்தாங்க, உள்ள இருக்கறது பாலிகார்பனேட்டும் அலுமினியமும், அதுல எந்த மேக்னெட்டை எடுக்கறதுன்னு கேக்கப்படாது. காசு இருக்கறவங்க என்னவோ பண்ணட்டும். நம்ம வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18, வெளிய எடுத்து வச்சா பிளாஸ்டிக் பழையபடி ஆயிடும், அவ்ளோதான் நடக்கும். இல்ல, அவ்ளோதான் நடந்தாத் தேவலையே.

எங்க தெருவுல ஒரு பொண்ணு, அவங்க அப்பா கோயில் திருவிழால நாதஸ்வரம் வாசிச்சதை யாரோ சிடி-ஆர்ல (கம்ப்யூட்டர்ல நாமளே எழுதிக்கற சிடி) எழுதிக் குடுத்து பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க. உங்க குறிப்பைப் படிச்சுட்டு அதை ஃப்ரீசர்ல வச்சுருச்சு. காலைல எடுத்ததும் வேர்த்துக் கொட்டி ஸ்டிக்கர் ஊறி ஒரு ஓரம் தூக்கிருச்சு. அந்தப் புள்ள சும்மா இருக்காம அதைப் புடிச்சு உரிக்க, பேப்பரோட வெள்ளித் தகடும் சேர்ந்து வந்துருச்சு. எங்கிட்ட கொண்டாந்தப்ப ட்யூப்லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாத்தேன், நடுவுல விரல் அகலத்துக்கு அந்தப் பக்கம் அப்படியே தெரியுது. "மாமா, கழுவிப் பாத்தா வருமா?"ன்னு கேக்குது. எதைக் கழுவ? ரீட் சாலமனே எந்திரிச்சு வந்தாலும் அந்த இடம் வராது. நல்ல காது இருக்கறவங்க யாராவது வந்து கேட்டுச் சொல்லட்டும்.

கீழ பளபளன்னு இருக்கற பக்கத்தைத்தான் எல்லாரும் பொத்திப் பொத்தி வைப்பாங்க. அங்க 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவலுக்கு இருக்கு, லேசான கீறல்னா பாலிஷ் போட்டுக்கூட எடுத்துடலாம் (டூத் பேஸ்ட் வச்சுத் தேய்க்கச் சொன்ன உங்க பழைய குறிப்பு அந்த மட்டும் சரிதான், ஆனா எந்தப் பக்கம்னு சொல்லாம விட்டீங்க, மேல் பக்கம் தேச்சவங்க எங்கிட்டத்தான் வந்தாங்க). எழுத்து இருக்கற மேல் பக்கம்தான் உயிர்நிலை. தகட்டுக்கு மேல மெல்லிசா ஒரு வார்னிஷ், வேற ஒண்ணுமில்ல. கண்ட மார்க்கர் மையும் அங்க வழிஞ்சா அரிச்சுடும்.

சும்மா வாய்க்குச் சொல்லலீங்க. எங்க பையன் கம்ப்யூட்டர்ல ஒரே சிடியை மை அடிக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் காப்பி எடுத்து ஒத்துப் பாத்தோம், ஒரு பிட் மாறல. பச்சை அடிச்சா பிரமாதம்னு சத்தியம் பண்ணுன ஒரு வாத்தியாரை முதுகு திருப்பி ஒக்கார வச்சு மாத்தி மாத்திப் போட்டேன், மை அடிக்காத சிடியைக் கேட்டுட்டு "ஆகா, இதுதான் பச்சை"ன்னாரு. எங்க ஊர்ல உண்மையான எதிரி பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல வர்ற தூசிதான். லென்ஸைத் துடைச்சாலே பாதி சிடி பாடும். சிடியத் துடைக்கிறதுன்னா நடுவுல இருந்து வெளிய நேராத் துடைக்கணும், வட்டமா இல்ல. இதை ஒரு கார்டுல எழுதிப் போட்டிருந்தேன், வரவே இல்ல.

வராதுதான். பாலக்காடு ஜில்லான்னு பாத்ததும் மலையாளத்தான் எதுக்குத் தமிழ்ல எழுதறான்னு தோணுமாட்ட இருக்குது. தலைமுறை தலைமுறையா தமிழ் பேசி, தமிழ் ஸ்கூல்ல படிச்சு, காசு குடுத்து உங்க புஸ்தகம் வாங்கறோம், அதுவும் பொள்ளாச்சிக்கு வந்து ரெண்டு நாள் கழிச்சுத்தான் எங்களுக்கு வருது. போட்டின்னு வந்தா கீழ பொடி எழுத்துல "தமிழ்நாடு, புதுச்சேரி வாசகர்களுக்கு மட்டும்". விலையில அப்படி ஒரு சலுகை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நாளும் வந்ததில்ல.

கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. அடுத்த இதழ்ல அதே பக்கத்துல ரெண்டு வரி போடுங்க, வீட்டுல எழுதுன சிடியை ஃப்ரீசர்ல வைக்காதீங்க, ஸ்டிக்கரை உரிக்காதீங்க, பாடுற நிலையில இருக்கறப்பவே பென்டிரைவ்ல காப்பி எடுத்து வைங்கன்னு. எங்க கதையெல்லாம் நீளம்னா தாராளமா வெட்டுங்க, அந்த ரெண்டு வரியை மட்டும் வெட்டாமப் போட்டாச் சரி.

இப்படிக்கு,
மட்டமான காதுள்ள வாசகன்,
கொழிஞ்சாம்பாறை