ஹார்ட் டாக்டரைப் பார்க்கப் போகுமுன்

அன்புள்ள தம்பிக்கு,

நாளை மறுநாள் ஹார்ட் டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறாய், நல்லது. ஆனால் வெறுங்கையோடு போய் "ரெண்டு தடவை மயங்கி விழுந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதே. நீ அங்கே போய்ப் படுக்கும்போது இதயம் ஒழுங்காகத்தான் துடிக்கும். ஈசிஜி பிடிப்பது பத்து விநாடித் துடிப்பை. அது நார்மல் என்று வந்தால் கோளாறே இல்லை என்று ஆகிவிடாது.

ஒவ்வொரு தடவையும் நடந்ததைத் தாளில் எழுது. நின்றாயா, உட்கார்ந்திருந்தாயா, படுத்திருந்தாயா? விழுமுன் வேர்த்ததா, குமட்டியதா, நெஞ்சு படபடத்ததா, இல்லை ஒன்றுமே தெரியாமல் சாய்ந்தாயா? வெயிலில் வரிசையில் நின்று, வேர்த்து, கண் இருட்டி விழுவது பெரும்பாலும் இதயத் துடிப்பைக் குறைக்கிற வேகஸ் நரம்பின் வேலை. நாடியும் பிரஷரும் சேர்ந்து இறங்கிவிடும்; பயம் குறைவு. பந்து விளையாடும்போது விழுந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. அதை முதலில் சொல். ஓடும்போதே விழுந்தாயா, ஓடி முடித்து நின்ற பிறகா என்பதைக் கட்டாயம் சொல். ஓடும்போதே என்றால், எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுத்து இதயத் தசை தடித்திருக்கிறதா, வால்வு சுருங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் விடமாட்டார்கள்.

பக்கத்தில் நின்ற சிநேகிதனையும் கூட்டிப்போ. நினைவில்லாதபோது நடந்தது அவனுக்குத்தானே தெரியும். மூளைக்கு ரத்தம் குறைந்தாலே சில விநாடி கைகால் வெட்டும். அதை வலிப்பு என்று முடிவுகட்டி மாத்திரை தொடங்கிவிடுவதும் உண்டு. நாக்கின் ஓரம் கடிபட்டிருந்தாலோ, எழுந்தபின் வெகுநேரம் குழம்பியிருந்தாலோ வலிப்பையும் யோசிக்கவேண்டும்.

சளிக்குத் தின்ற அசித்ரோமைசின், வாந்திக்கு டோம்பெரிடோன் எதையும் மறைக்காதே. சிலருக்கு அவை ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத்தின் மின்னோட்டம் அடங்கும் நேரத்தை நீட்டி, துடிப்பைக் கெடுத்துவிடும். நாற்பதுக்குள் திடீரென்று இறந்தவர் நம் வீட்டில் உண்டா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்.

படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பார்க்கவேண்டும். மேல் அளவு 20 இறங்கினால் அதுவே ஒரு காரணம். பார்க்காவிட்டால் நீயே கேள். ஹோல்டர் என்கிற சின்ன ஈசிஜி கருவியை உடம்பில் கட்டினால் 24 மணி நேரத் துடிப்பு பதிவாகும். மாதம் ஒருமுறை விழுகிறவனுக்கு அந்த ஒரு நாளில் எதுவும் சிக்காமல் போவதுதான் வழக்கம். விடை கிடைக்காவிட்டால் தோலுக்கடியில் வைக்கிற லூப் ரெக்கார்டர் இருக்கிறது, வருடக்கணக்கில் காத்திருந்து பிடிக்கும்.

அதுவரை பைக் வேண்டாம், நீச்சல் வேண்டாம், பந்தும் வேண்டாம். கண் இருட்டினால் கௌரவம் பார்க்காமல் தரையிலேயே படுத்துக் காலைத் தூக்கி வை. விழுந்தவனைத் தூக்கி உட்காரவைத்து வாயில் தண்ணீர் ஊற்றுவது நம்மூர்ப் பழக்கம். அறைத் தோழர்களிடம் இப்போதே சொல்லிவை, ரெண்டுமே கூடாது. உட்காரவைத்தால் மூளைக்கு ரத்தம் ஏறத் தாமதமாகும், தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கும். டாக்டரைப் பார்ப்பதற்குள் இன்னொரு தடவை விழுந்தால் டோக்கனுக்குக் காத்திராதே, நேரே அவசரப் பிரிவுக்குப் போ.

பழைய ஈசிஜி தாளை நகல் எடுத்துக்கொள். அந்தத் தாளில் கோடு நாளாக ஆக மங்கிவிடும்.

அன்புடன்,
அம்மா