பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் சொந்த உபயோக வேன்களில் சீட் பெல்ட் ஆய்வு கோரி மனு

அனுப்புநர்:
பெற்றோர்கள்,
வண்டிப்பாளையம், கடலூர்.

பெறுநர்:
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்.

பொருள்: பள்ளி வேன்களில் சீட் பெல்ட், குழந்தை இருக்கை ஆய்வு – மீண்டும் கோருதல் தொடர்பாக.
பார்வை: குறைதீர்க்கும் நாளில் நாங்கள் அளித்த மனுக்கள் (ரசீது நகல் இணைப்பு).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதித் தெருக்களில் பள்ளிப் பேருந்து நுழைந்து திரும்ப வழியில்லை என்பது தாங்கள் அறிந்ததே. ஆகவே வெள்ளை நம்பர் பலகை வேன்களில்தான் பிள்ளைகளை அனுப்புகிறோம். முந்தைய மனுக்களுக்குப் பதில் வராததால் மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் பள்ளி வாகனங்களை மைதானத்தில் நிறுத்தி அவசர வழி, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி எல்லாம் பார்க்கிறீர்கள். நன்றி. ஆனால் அங்கே மஞ்சள் பஸ்தான் வருகிறது. எங்கள் பிள்ளைகள் ஏறும் வேன் வருவதில்லை.

2. அந்த வேனுக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள் ஐயா. டிரைவருக்குப் பின்னால் இரும்புச் சட்டத்தில் பலகை பொருத்தி, சின்னப் பிள்ளைகளைப் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். பலகைக்கு ஏது பெல்ட்? பின்சீட்டில் பெல்ட் உண்டு. உறைக்கு அடியில் கிடக்கிறது. கொக்கி மாட்டும் துளையில் மிட்டாய்க் காகிதம் அடைத்திருக்கிறது. ஒரு பெல்ட்டை அறுத்து, வேன் கூரையில் பைகளைக் கட்டியிருக்கிறார்கள்! மூன்று பேர் சீட்டில் ஐந்து பேர். கெடிலம் பாலத்தருகே திடீர் பிரேக் போட்டபோது, சீட்டு விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்த எல்.கே.ஜி. குழந்தை அந்த இரும்புச் சட்டத்தில் மோதித் தாடை கிழிந்தது. தையல் போட வேண்டியதாயிற்று. "கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றார் வேன்காரர். நாலு வயதுக் கை எதைப் பிடிக்கும்? வண்டி நின்றாலும் உள்ளே இருக்கும் உடம்பு அதே வேகத்தில் முன்னே போகும்; அதைப் பிடித்து நிறுத்தத்தானே பெல்ட்?

3. 14 வயது நிறையாத பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு. 2019 திருத்தத்தில் வந்தது. காரில் போகும் தகப்பனை நிறுத்தி அபராதம் போடுகிறார்கள், போடட்டும், நியாயம்தான். அதே சிக்னலில் பிதுங்கி வழியும் வேன் மட்டும் யார் கண்ணிலும் படாதா?

4. செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அதன் காரணம் வேறு என்பது தெரியும். ஆனால் அன்றிலிருந்து காலையில் வேன் ஹாரன் கேட்டாலே வயிறு கலங்குகிறது. இன்னொன்று நடந்த பிறகு வரும் ஆய்வு எங்களுக்கு எதற்கு?

5. வேன்களை ஓடவிடாமல் செய்யச் சொல்லவில்லை. வேன் நின்றுவிட்டால் மறுநாள் பிள்ளைகள் வீட்டில்தான் இருக்க வேண்டும். பலகையைக் கழற்றச் செய்யுங்கள். சீட்டுக்கு ஒருவர், ஆளுக்கொரு பெல்ட். பெரியவர் பெல்ட் சின்னக் குழந்தைக்குக் கழுத்தில் ஏறுவதால் உயரம் கூட்டும் இருக்கையும் வேண்டும். அதற்கான செலவில் பங்கு கொடுக்கவும் தயார்.

ஐயா, "மனு பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் வேண்டாம். காலை எட்டு மணிக்குச் செம்மண்டலம் சந்திப்புக்கு ஓர் ஆய்வாளரை அனுப்பிவையுங்கள். தயவுசெய்து இந்த முறையாவது அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)